விரல்கள் மறந்த தமிழ்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து மூவர் வைத்தியரானோம். இன்று நாங்கள் என்று சொல்லும்போது மூவரையும் சேர்த்தே சொல்கிறோம். டொக்டர்மார் பேச வந்தால் டெங்கைப் பற்றியோ நீரிழிவைப் பற்றியோதான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை கிளினிக்கில் வைத்துக்கொள்வோம். இன்று பேச வந்தது விசைப்பலகையைப் பற்றி. சிரிக்காமல் ஒரு பதினைந்து நிமிடம் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்கக்கூடாது என்று எங்கள் தாய்மார் எங்களைத் தட்டச்சு வகுப்புக்கு அனுப்பினார்கள். கம்பளை பஸ்ஸில் வந்து கெலிஓயாவில் இறங்கி, மழையில் பாதி நனைந்து, பாடசாலையின் பின்பக்கத்து அறைக்குப் போவோம். அங்கே ஆங்கில டைப்ரைட்டர்கள் சில, தமிழ் டைப்ரைட்டர் ஒன்றே ஒன்று. டீச்சர் எங்கள் கைகளின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார். கண் பார்க்கக்கூடாது, விரல் பார்க்கவேண்டும் என்பார். இடது கைக்கு ‘யளனக’, வலது கைக்கு ‘டமத’ என்று தாள் தாளாக அடித்தோம். சின்ன விரலுக்குப் பலம் போதாமல் ‘ய’ மட்டும் எப்போதும் மங்கலாகவே விழும். ரயில் போகும் சத்தமே எங்கள் இயந்திரச் சத்தத்தில் கேட்காது.

அந்த இயந்திரத்தின் அருமை அப்போது எங்களுக்குத் தெரியாது. தமிழில் எழுத்துகள் 247. விசைகளோ நாற்பதுச் சொச்சம். அதற்குள் இதை அடக்கிக் காட்டியவர் நம் நாட்டவர். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, சிங்கப்பூருக்குப் போய் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள். அவருடைய அமைப்பில் ஜெர்மனியில் தமிழ் டைப்ரைட்டர்கள் செய்யப்பட்டன. அவர் கையாண்ட வழி மிக எளிது. புள்ளி விசையை அழுத்தினால் புள்ளி விழும், ஆனால் தாள் நகராது. அடுத்து ‘க’வை அடித்தால் அதே இடத்தில் விழுந்து ‘க்’ ஆகிவிடும். நகராத ஒரு விசை பதினெட்டு மெய்யெழுத்துகளுக்கும் வேலை செய்தது.

பிறகு உயர்தரம், பேராதனை மருத்துவ பீடம், வாட்டு வேலை, கல்யாணம், பிள்ளைகள். கணினி வந்தது. ‘பாமினி’ எழுத்துரு வந்தது. அதிலும் டைப்ரைட்டரில் இருந்த அதே ‘யளனக’தான். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். பின்பு யுனிகோட் வந்து அந்தத் தொல்லையை நீக்கியது. தமிழ்நாட்டில் 1999இல் ‘தமிழ்99’ என்ற அமைப்பை வகுத்து, உயிரெழுத்துகளை இடது கைக்கும் மெய்யெழுத்துகளைப் பெரும்பாலும் வலது கைக்கும் கொடுத்தார்கள். நம் நாட்டில் 2008இல் வந்த எஸ்.எல்.எஸ். 1326 தரநிர்ணயம் ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. அரசாங்கம் பலகை தந்தது. எங்கள் விரல்கள்தான் தமிழை மறந்துவிட்டன. கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று தட்டி, அது தமிழாக மாறுவதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டோம்.

அந்த மறதிக்கு ஒரு விலை இருந்தது. சபையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தோட்டத்திலிருந்து ஒரு தாய் காய்ச்சல்காரப் பிள்ளையைக் கொண்டு வந்தார். பரசிட்டமோல் பாணியில் ஒரு தேக்கரண்டி என்று நாங்கள் ஆங்கிலச் சுருக்கத்தில், எங்களுக்கே உரிய கையெழுத்தில், ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தோம். வரிசை நீளம், வாயால் விளக்கியது பாதி. அந்தத் தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்து லயத்துப் பையன் அதை மேசைக்கரண்டி என்று வாசித்துக் கொடுத்திருக்கிறான். தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி 15. ஒரு நாள் முழுவதும் மூன்று மடங்கு மருந்து போயிருக்கிறது. பிள்ளையை வாட்டில் வைத்துப் பார்த்தோம். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கடவுள் புண்ணியம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாய் எங்களைக் குறை சொல்லவே இல்லை. “எனக்கு வாசிக்கத் தெரியாதது என் பிழைதானே டொக்டர்” என்றார். அம்மா, அது உங்கள் பிழை இல்லை. 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. உங்களுக்கு விளங்கும் எழுத்தில் தராதது எங்கள் பிழை.

அன்றிரவே தமிழில் ஓர் அறிவுறுத்தல் தாள் அடிக்க உட்கார்ந்தோம். அரைப் பக்கத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அதன் பிறகுதான் மூவரும் தமிழ்த் தட்டச்சைத் திரும்பப் படிப்பது என்று முடிவெடுத்து, நல்ல விசைப்பலகை தேடினோம்.

தேடியதில் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், வாங்கப் போகிறவர்களுக்கு உதவும். கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் விசைகளுக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். அடிவரை அழுத்தினால்தான் பதியும், காலம் போகப் போகச் சளிந்துவிடும். மெக்கானிக்கல் என்று சொல்வதில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஸ்பிரிங் உண்டு. 1985இல் ஐ.பி.எம். கொண்டுவந்த ‘மொடல் எம்’ பலகையில் ஸ்பிரிங் சட்டென்று வளைந்து கொடுக்கும். அந்தச் சத்தமும் கனமும் பழைய டைப்ரைட்டரையே நினைவூட்டும். இப்போது பரவலாக இருப்பது ஜெர்மனியின் செரி நிறுவனம் கொண்டுவந்த வகை. காப்புரிமைக் காலம் முடிந்தபின் சீன நிறுவனங்களும் அதையே செய்வதால் விலை இறங்கியிருக்கிறது. விசை மொத்தம் 4 மில்லிமீற்றர் இறங்கும், பாதி வழியிலேயே எழுத்து பதிந்துவிடும். அடிவரை குத்தத் தேவையில்லை.

நிறத்தைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், சத்தம் குறைவு. பழுப்பில் பதியும் இடத்தில் விரலுக்கு ஒரு சிறு தடை தெரியும். நீலம் தடையோடு ‘டிக்’ என்று சத்தமும் போடும். எங்களில் ஒருத்தி நீலம் வாங்கினாள். இரண்டாம் நாள் இரவே மாமி அறைக்கு வெளியே நின்று, “மகள், ஓட்டில ஆலங்கட்டி மழையா பெய்யுது?” என்று கேட்டிருக்கிறார். வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் நீலம் வேண்டாம். புதிதாகப் பழகுபவருக்கு, எழுத்து பதிந்ததை விரலே அறிந்துகொள்ளும் பழுப்பு நல்லது என்பது எங்கள் அனுபவம்.

வாங்கிய பிறகு அதோடு வாழவும் தெரியவேண்டும். எங்கள் ஊர் ஈரத்துக்கும் எறும்புக்கும் இரவில் ஒரு துணியால் மூடி வையுங்கள், டீச்சர் டைப்ரைட்டரை மூடியதுபோல. பிளேன்டீயைத் தள்ளி வையுங்கள். மூடிகளைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவலாம், ஆனால் நன்றாகக் காய்ந்த பின்தான் பொருத்தவேண்டும். வாட்டுக்கு மட்டும் இந்தப் பலகையைக் கொண்டுபோகாதீர்கள். இடுக்குகளில் கிருமி தங்கும். அங்கே துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய தட்டையான பலகைதான் சரி.

வைத்தியராக ஒரு வார்த்தை. விலை கூடிய பலகை வாங்கினால் கைவலி போய்விடும் என்று நம்பவேண்டாம். மணிக்கட்டை மேலே மடக்காமல் நேராக வையுங்கள், முழங்கை உடலோடு சேர்ந்திருக்கட்டும், இடைக்கிடை எழுந்து நடவுங்கள். இரவில் பெருவிரலும் பக்கத்து விரல்களும் விறைத்து நித்திரை கலைந்தால், டைப் அடித்ததால் வந்தது என்று நீங்களே முடிவு செய்யாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, கர்ப்பகாலம் ஆகியவற்றிலும் மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படும்.

நாற்பதைத் தாண்டிய பின் திரும்பப் படிக்க முடியுமா என்று பயந்தோம். முதல் வாரம் கைகள் தடுமாறின. ஒரு நாள் இரவு ‘யளனக’ என்று தொடங்கியதும் சின்ன விரல் தானாகவே போய் ‘ய’வில் நின்றது. கண் மறந்ததை விரல் முப்பது வருடமாக வைத்திருந்திருக்கிறது. அந்தத் துணியைப் போட்ட டீச்சரை நினைத்து மூவரும் அழுதோம். இப்போது ஒரு பக்கம் பத்து நிமிடத்தில் முடிகிறது. காய்ச்சல் பாணி, ஜீவனி கரைக்கும் முறை, இன்ஹேலர் பாவிக்கும் முறை எல்லாம் பெரிய எழுத்தில் தமிழில் இருக்கின்றன. கரண்டியின் படமும் போட்டிருக்கிறோம். வாசிக்கத் தெரியாத தாய்க்குப் பிள்ளை வாசித்துக் காட்டும்.

அன்பான அக்காமாரே, தங்கச்சிமாரே, அந்தத் தமிழ் டைப்ரைட்டர் இன்னும் களஞ்சிய அறையில் இருக்கிறது. பழைய இரும்புக்குப் போடலாம் என்று ஒரு பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்பட்டோம். போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அதைத் திருத்தும் செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. அதன் பக்கத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த நான்கு விசைப்பலகைகளையும் வைக்க விரும்புகிறோம், நீலம் இல்லாமல். சாதாரண தரம் எழுதி முடித்த பிள்ளைகளுக்கு அந்த அறை மறுபடி திறக்கட்டும்.

நீங்கள் வைத்தியராகலாம், கிராம அலுவலராகலாம், வங்கியிலோ நீதிமன்றத்திலோ இருக்கலாம். ஒரு நாள் உங்கள் மேசைக்கு முன்னால் அந்தத் தாய் வந்து நிற்பார். அவருக்கு விளங்கும் மொழியில் ஒரு துண்டு அடித்துக் கொடுக்க உங்கள் விரல்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதற்காகத்தான் கேட்கிறோம்.

எங்கள் கைகளின் மேல் துணி போட்ட அந்தக் கைகளை வணங்கி விடைபெறுகிறோம்.