வீட்டில் பயிற்சிக்கு எதை வாங்குவது?

வயது வந்தோர் வாரத்தில் குறைந்தது 2 நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. தசை வலுப்பெறுவது, பழகிய சுமையைப் படிப்படியாகக் கூட்டும்போதுதான். ஆகவே தட்டுகளைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சோடி டம்பெல்லும் ஒரு ரப்பர் பட்டையும் தொடக்கத்துக்குப் போதும். மாத்தளை நகரின் சிறு வீட்டிலும் இரத்தோட்டைத் தோட்டத்து லயன் அறையிலும் இவை கட்டிலுக்கடியில் அடங்கிவிடும்.

இலேசான எடையால் என்ன பயன் என்று கேட்கலாம். அதையும் தசை நன்றாகக் களைக்கும்வரை தூக்கினால் தசை வளர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; உச்ச பலத்துக்கே பாரமான எடை வேண்டும், அது பிறகு. மலையேறிக் கொழுந்து சுமப்பவருக்கு இது எதற்கு என்றும் கேட்கலாம். அது கடும் உழைப்புத்தான். ஆனால் ஒரே அசைவுகளே திரும்பத் திரும்ப வருவதால், தள்ளும் தசைகளுக்கு வேலை குறைவு. வாங்கும்போது தட்டை இறுக்கும் திருகு ஆடுகிறதா, பட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருதய நோயுள்ளோர் மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள். மற்றவர்கள் தண்டாலையும் பஸ்கியையும் இன்றைக்கே தொடங்கலாம். அவற்றுக்குக் காசே வேண்டாம்.