முதியோர் இல்லத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த பங்கு மக்கள் கூட்டத்தில், புனித வின்சென்ட் தே பவுல் சபையின் சார்பில் ஆற்றிய உரை)

 

பொன்விழாவின் நினைவாக, நம் பங்கு மக்கள் சென்று வரும் முதியோர் இல்லத்திற்கு நிலையான உதவி ஒன்று செய்ய வேண்டுமென்று விழாக்குழு தீர்மானித்திருப்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. தரைக்குக் கிரானைட் கல் பதிக்கலாம் என்று சிலரும், முகப்பில் வளைவு கட்டலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். கொடுப்பதற்கு முன், அங்குள்ள முதியோர் எவ்வாறு பேணப்படுகிறார்கள் என்று அறிந்து கொடுப்பதே முறை. அதை அறியும் வழியைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

முதியோரைப் பேணுவது திருச்சபைக்குப் புதிய பணியன்று. 1839-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியில், ஜான் ஜூகான் என்ற ஏழைப் பெண்மணி, கண் பார்வையற்ற ஒரு மூதாட்டியைத் தம் வீட்டிற்கு அழைத்து வந்து, தம் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். அந்தக் கட்டிலிலிருந்து வளர்ந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 1882-இல் அச்சபையார் கல்கத்தாவுக்கு வந்தனர். ஜான் ஜூகான் 2009-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். என் சொந்தத் தாய் படுக்க இந்தக் கட்டில் தகுமா என்பதே எந்த இல்லத்திற்கும் முதல் அளவுகோல்.

மருத்துவப் பணியின் தரத்தை அளப்பது எப்படி என்று ஆராய்ந்த அவேதிஸ் தோனபேதியன் என்ற மருத்துவர், 1966-இல் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். முதலாவது வசதி, அதாவது கட்டிடம், கருவிகள், பணியாளர்கள். இரண்டாவது செயல், அதாவது நாள்தோறும் நடக்கும் கவனிப்பு. மூன்றாவது பலன், அதாவது அதனால் மனிதருக்கு விளைந்த நன்மை தீமை. பார்க்கப் போகும் நாம் பெரும்பாலும் முதலாவதிலேயே நின்றுவிடுகிறோம். பளபளக்கும் தரையைப் பார்த்துத் திருப்தியடைந்து திரும்புகிறோம். அந்தத் தரையில் தண்ணீர் பட்டால் வழுக்குமா, கழிவறையில் பிடித்து எழக் கைப்பிடி உண்டா, இரவில் அங்கே விளக்கு எரியுமா என்று கேட்பவர் குறைவு. முதியவர் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன் பின் எழுந்து நடமாடுவது அரிதாகிவிடக்கூடும்.

இரண்டாவதாகிய செயலைப் பார்க்க, நேரமறிந்து போக வேண்டும். விழா நாளில் பொட்டலத்தோடு போனால் விழாவைத்தான் பார்ப்போம். இரவு உணவு வேளையில் போய்ப் பாருங்கள். தானே சாப்பிட முடியாதவருக்கு யாராவது அருகில் அமர்ந்து ஊட்டுகிறார்களா, அல்லது தட்டு வைத்தபடியே திரும்பிப் போகிறதா? குடிநீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? வயதானால் தாக உணர்ச்சி குறையும். கேட்டால்தான் தண்ணீர் என்றிருந்தால் உடல் வறண்டு போகும். குளிப்பாட்டும்போது மறைப்பு உண்டா? பெயர் சொல்லி, மரியாதையோடு அழைக்கிறார்களா, அல்லது கட்டில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? மூத்திர வாடை ஓயாமல் வீசினால் துணி மாற்றப்படவில்லை என்று பொருள். பினாயில் நெடி மட்டும் மூக்கைத் துளைத்தாலும் சற்று விசாரிக்கத்தான் வேண்டும்.

மூன்றாவதாகிய பலனுக்குச் சாட்சி சொல்வது உடல். படுத்த படுக்கையாய் இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கமான பராமரிப்பு. அது தவறினால் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். மாதந்தோறும் எடை பார்த்து எழுதுகிறார்களா என்று கேளுங்கள். 50 கிலோ எடையுள்ளவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விழுந்தவர்களின் விவரம் ஏட்டில் உண்டா? மறதிநோய் உள்ளவரைக் கட்டி வைக்கிறார்களா? எல்லாரும் பகலிலேயே அயர்ந்து தூங்கினால், என்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்பதில் தவறில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. முதியவர்களிடம், "உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டால், "எனக்கென்னய்யா குறை, மகராசிகள் நல்லாப் பார்த்துக்கிறாங்க" என்பார்கள். அது உண்மையாயிருக்கலாம். போக்கிடம் இல்லாதவரின் அச்சமாகவும் இருக்கலாம். ஆகவே, "நேற்று இரவு தாகம் எடுத்தபோது என்ன செய்தீர்கள், பாட்டி?" என்று கேளுங்கள். "கூப்பிட்டால் யார் வருவார்கள்? எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். இதற்கு வரும் பதிலில்தான் இல்லத்தின் தரம் தெரியும். பேச முடியாதவர் அருகில் சற்று நேரம் உட்காருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, வாய் சுத்தமாயிருக்கிறதா, மூக்குக்கண்ணாடி முகத்தில் இருக்கிறதா, பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆன்ம கவனிப்பும் தரத்தில் சேர்ந்ததே. 1972-இல் திருச்சபை நோயிற்பூசுதல் திருவருட்சாதனத்தின் சடங்கைப் புதுப்பித்தது. அது உயிர் பிரியும் கடைசி நிமிடத்திற்கென்று மட்டும் வைக்கப்பட்டதன்று. நோயாலோ முதுமையாலோ பெரிதும் தளர்ந்தவர்களும் அதைப் பெறலாம். நடக்க முடியாதவருக்கு நற்கருணை படுக்கைக்கு வருகிறதா? பிற சமயத்தவருக்கு அவரவர் வழிபாட்டுக்கு இடமுண்டா? சாகும் வேளையில் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறாரா?

இவையெல்லாம் குற்றம் கண்டுபிடிக்க அல்ல. பணி செய்யும் அருட்சகோதரிகளும் ஆயாக்களும் மனிதர்களே. பல படுக்கைகளை ஒருத்தியே இரவெல்லாம் பார்க்க வேண்டியிருந்தால், அவள் எவ்வளவு நல்லவளாயினும் ஒருவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது இன்னொருவர் காத்திருக்கத்தான் வேண்டும். குறையைக் கண்டால் முதலில் பொறுப்பாளரிடம் தனியே, பணிவாகச் சொல்வோம். கொடுமையோ புறக்கணிப்போ நடப்பதாகத் தெரிந்தால் மௌனமாக இருப்பது பாவம். முதியோருக்கான தேசிய உதவித் தொலைபேசி எண் 14567-ஐ எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே விழாக்குழுவிற்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். கிரானைட்டுக்கும் வளைவுக்கும் ஒதுக்க நினைக்கும் பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டு, அதன் வட்டியோடு மாதாந்தர நன்கொடையும் சேர்த்து, இரவில் இன்னுமொரு பணியாளருக்குச் சம்பளம் கொடுப்போம். அதில் கல்வெட்டுப் பொறிக்க இடமிராது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு தாய் தண்ணீர் கேட்கும்போது ஒரு கை நீளும்.

கூடவே, அன்பியத்திற்கு இருவராக, வாரந்தோறும் முறைவைத்துப் போய் வருவோம். யாரும் வந்து பார்க்காத இடத்தில் கவனிப்பு தளர்வது எளிது. அங்கே பெற்றோரை விட்டிருக்கும் பிள்ளைகளே, மாதக் கட்டணத்தோடு நான்காம் கட்டளை முடிந்துவிடவில்லை. மாதம் ஒருமுறையேனும் நேரில் போய் அவர்கள் அருகில் உட்காருங்கள்.

இறுதித் தீர்வையில் ஆண்டவர் நம்மிடம் கேட்கப்போவது பசித்தவரையும் தாகமுற்றவரையும் நோயுற்றவரையும் பற்றித்தான். இந்தக் கேள்விகளை இன்றே நாம் கேட்கத் தொடங்கினால், அன்று பதில் சொல்வது எளிதாயிருக்கும்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!