ஆற்றின் மேலே ஒரு வழி

நியூயார்க்கைச் சுற்றி மூன்று பெரிய விமான நிலையங்கள் இருக்கின்றன. ஆனாலும் அங்கே ஹட்சன் ஆற்றுக்கு மேல் 1,300 அடி உயரம் வரை, கட்டுப்பாட்டு அறையில் அனுமதி கேட்காமலேயே ஒருவர் தன் சின்ன விமானத்தை ஓட்டிப் போகலாம். கேட்கும்போதே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது!

அதே நகரின் கிழக்கு ஆற்றிலும் இப்படி ஒரு வழி இருந்தது. அது முட்டுச்சந்து, போனால் திரும்பித்தான் வர வேண்டும். 2006 அக்டோபர் 11 அன்று பேஸ்பால் வீரர் கோரி லைடிலும் அவருடைய பயிற்றுநரும் சென்ற விமானம் அங்கே திரும்பியது. ஆற்றின் முழு அகலத்தையும் அவர்கள் பயன்படுத்தவில்லை. கிழக்கிலிருந்து வீசிய காற்று வேறு தள்ளியது. விமானம் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதி இருவரும் இறந்தார்கள். இரண்டே நாளில், அனுமதியில்லாமல் விமானங்கள் அந்த வழியில் போகத் தடை வந்தது.

ஹட்சனுக்கு விதி வர 2009 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆகஸ்டில் ஒரு விமானமும் ஹெலிகாப்டரும் மோதி ஒன்பது பேர் மாண்டார்கள். விபத்துக்குப் பிறகுதானே விதி பிறக்கிறது! இப்போது வேகம் 140 நாட் (knot) அளவுக்குள், அதாவது மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டருக்குள், இருக்க வேண்டும். விளக்குகள் எரிய வேண்டும். வடக்கே போகிறவர் கிழக்குக் கரையோரம், தெற்கே வருகிறவர் மேற்குக் கரையோரம். சுதந்திர தேவி சிலை, ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்று குறிப்பிட்ட இடங்கள் வரும்போது, தாம் எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் பொது அலைவரிசையில் சொல்லியாக வேண்டும்.