வாய் பேசாச் சாட்சிகள்

சித்திரபுரத்திலிருந்து மூணாற்றைக் கடந்து வடக்கே சென்றால் மறையூர் வருகிறது. சந்தனம் இயற்கையாகவே செழித்து வளரும் காடு அங்கே இருக்கிறது. அக்காட்டின் மரத்தின் மேல் கள்வருக்கு என்றும் ஒரு கண் உண்டு என்பதை இம்மலை மக்கள் நன்கறிவர். சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கும் ஒரு வண்டியில், சாக்குப் பைக்குள் சில மரத் துண்டுகள் அகப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பிடித்தவர், 'இது சந்தனம்' என்கிறார். பிடிபட்டவரோ, 'ஐயா, இது வெறும் விறகு' என்கிறார். நீதிபதி யார் சொல்லை ஏற்பது? மணத்தை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூற இயலாது. சந்தன எண்ணெய் தடவிய வேறு மரமும் மணக்கத்தான் செய்யும்.

அப்பொழுது தாவரவியல் கற்ற ஒருவர் முன்வருகிறார். அத்துண்டிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து உருப்பெருக்கியின் அடியில் வைக்கிறார். நீர் ஏறும் நுண்குழாய்கள் ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு விதமாக அமைந்திருக்கும். அவ்வமைப்பைக் கண்டு, இது சந்தனமா, அன்றா என்று அவர் எழுதித் தருகிறார். அந்த ஒரு தாளினால் கள்வன் சிறை செல்லலாம். குற்றமற்றவன் வீடு திரும்பலாம். இவ்விரண்டும் ஒரே தாளில் அடங்கியிருக்கின்றன என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளின் சாரம்.

இதனையே தடய அறிவியல் என்கிறோம். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1910ஆம் ஆண்டில் ஒரு சிறு ஆய்வகத்தைத் தொடங்கிய எட்மண்ட் லோக்கார் என்னும் அறிஞர் இதற்கு ஓர் அடிப்படையை வகுத்தார். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டால், ஒன்றின் துகள் மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும் என்பதே அது. தேயிலைத் தோட்டத்துச் சேற்றில் நடந்தவன் செருப்பில் மண் ஏறுகிறது. அவன் காலடியோ மண்ணில் பதிகிறது. மனிதன் பொய் சொல்லலாம், மறக்கலாம், அஞ்சி வாய் மூடலாம். மண்ணுக்கு அச்சமும் இல்லை, ஆசையும் இல்லை.

இத்துறை நமக்கு அயலார் அண்மையில் தந்த புதுமையன்று. நஞ்சினால் நேர்ந்த மரணங்களை ஆராய்வதற்கென்று சென்னையில் 1849ஆம் ஆண்டிலேயே இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் நிறுவப்பட்டது. கைரேகைகளைச் சேர்த்து வைக்கும் பணிமனை கல்கத்தாவில் 1897ஆம் ஆண்டு தோன்றியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்க்குப் பெரும் பங்கு உண்டு; எனினும் அம்முறை அவர்களுடைய மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் பரவியது.

தமிழ்நாட்டில் 1952ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஆளவந்தார் கொலை வழக்கைப் பெரியோர் பலர் கேட்டறிந்திருப்பர். தலையற்ற உடல் ஒன்று சென்னையிலிருந்து புறப்பட்ட இரயிலில் பெட்டிக்குள் கிடந்து, மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலையோ சென்னை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. ஓரிடத்துத் தலையும் நெடுந்தொலைவில் கிடைத்த உடலும் ஒருவருடையவையே என்று நிறுவாமல் வழக்கு ஓர் அடியும் நகராது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவ அறிஞர் அவற்றை ஆராய்ந்து, இன்னாருடையவை என்று நிறுவினார். வழக்கு நிலைத்தது.

கேரளத்துக்கும் இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. தலைச்சேரி நீதிமன்றத்தில் ஒரு தாய், தன் குழந்தையின் தந்தை இன்னார் என்று கூறி, பிள்ளைக்குச் சீவனாம்சம் கேட்டார். அம்மனிதர் மறுத்தார். நேரில் கண்ட சாட்சி இத்தகைய செய்திக்கு ஏது? 1989ஆம் ஆண்டில், ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர் லால்ஜி சிங் மரபணுச் சோதனை நடத்தினார். தாயின் சொல் மெய்யென்று விளங்கிற்று. இந்திய நீதிமன்றம் மரபணுச் சான்றை ஏற்றது அதுவே முதன்முறை என்பர். அது குற்ற வழக்கன்று. ஆயினும் ஏழைத் தாய் ஒருத்தியின் சொல்லுக்கு அறிவியல் துணை நின்ற அந்நாளை நாம் மறத்தற்கில்லை. பின்னர்க் கொலை வழக்குகளிலும் பாலியல் வன்கொடுமை வழக்குகளிலும் அதே சோதனை பெருந்துணையாயிற்று.

ஆயினும் தடயம் தானே நடந்து ஆய்வகம் வந்து சேர்வதில்லை. அதை எடுப்பவர் கையுறையின்றித் தொட்டால் அவருடைய ரேகையே அதில் பதியும். இரத்தம் தோய்ந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் அது அழுகிக் கெடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். உறையை மூடி முத்திரையிட்டு, யார் எடுத்தார், எப்பொழுது எடுத்தார், யாரிடம் ஒப்படைத்தார் என்று எழுத வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், மெய்யான தடயமும் நீதிமன்றத்தில் ஊமையாகிவிடும். விபத்தோ குற்றமோ நேர்ந்த இடத்தில் வேடிக்கை பார்க்கக் கூடி மிதிக்கும் நாமும் அந்தச் சங்கிலியை அறுக்கிறோம்.

இக்குறையை நீக்கவே புதிய சட்டம் வழி செய்துள்ளது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரட்சா சன்ஹிதா, ஏழாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கே நேரில் சென்று சான்றுகளைத் திரட்ட வேண்டும் என்கிறது. இதனை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது. இத்தனை குற்றங்களுக்கும் வல்லுநர் செல்வதாயின் எத்தனை பேர் வேண்டும்! இன்றைய நிலையிலேயே ஆய்வகங்களில் பொருள்கள் தேங்கிக் கிடப்பதுண்டு. அறிக்கை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும், யாரோ ஒருவர் சிறையில் காத்திருக்கிறார். யாரோ ஒரு குடும்பம் நீதிக்காகக் காத்திருக்கிறது.

ஆகவே நம் மலைநாட்டு மாணவ மாணவியர் இத்துறையைக் கருத வேண்டும் என்கிறோம். இதற்கு வாயில்கள் பல. இரசாயனம் கற்றவர் நஞ்சையும் போதைப் பொருளையும் ஆராயலாம்; தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்து உடலுள் சென்று ஒருவர் மாண்டால், அதனைக் கண்டறிந்து கூறுபவர் அவரே. பௌதிகம் கற்றவர் துப்பாக்கிக் குண்டையும் உடைந்த கண்ணாடியையும் ஆராயலாம். உயிரியல் கற்றவர் இரத்தத்தையும் மரபணுவையும் ஆராயலாம். போலிக் கையெழுத்தை ஆராய்வோரும், கணினியிலும் கைப்பேசியிலும் புதைந்த செய்தியை மீட்போரும் உளர்.

சாகர் பல்கலைக்கழகம் 1959ஆம் ஆண்டிலேயே இத்துறையைத் தொடங்கியது. தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020ஆம் ஆண்டில் அமைந்தது. கேரளத்தில் திருவனந்தபுரத்தில் தலைமை ஆய்வகமும், கொச்சி, திருச்சூர், கண்ணூர் ஆகிய இடங்களில் வட்டார ஆய்வகங்களும் உள்ளன. அறிவியல் அலுவலர் பதவிகளுக்குக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அந்தந்த அரசுப் பணியாளர் தேர்வாணையமே ஆள் எடுக்கிறது. அதன் அறிவிப்புகளைக் கவனித்து வருதல் நலம். போடிமெட்டிலும் சின்னாற்றிலும் எல்லை கடந்து செல்லும் வழக்குகள் உண்டு. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வளர்ந்த நம் பிள்ளைகள், இரு மாநிலத்தாரிடமும் பேசி உண்மையை விளங்கிக்கொள்ள வல்லவர்கள்.

திரைப்படத்தில் காண்பதுபோல் இஃது ஒரு மணி நேரத்தில் மர்மம் உடைக்கும் தொழிலன்று. நள்ளிரவில் அழைப்பு வரும். அழுகிய உடலின் அருகே நிற்க நேரும். நீதிமன்றக் கூண்டில் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் மணிக்கணக்கில் குறுக்கு விசாரணை செய்வார். அங்கே, 'இதற்கு மேல் என் சோதனை எதுவும் சொல்லவில்லை' என்று கூறும் துணிவு வேண்டும். போலீசார் மகிழ்வதற்காக ஒரு சொல் கூட்டினாலும், எதிரியின் மேல் இரங்கி ஒரு சொல் குறைத்தாலும் அவர் தம் தொழிலுக்கு இரண்டகம் செய்தவராவார்.

வாய் பேசாச் சாட்சிகள் நம்மைச் சுற்றிலும் கிடக்கின்றன. அவை சொல்வதைக் கேட்கப் பயின்ற செவியும், கேட்டதை அப்படியே உரைக்கும் நாவும் வேண்டும். அத்தகையோர் சிலர் சித்திரபுரத்து மலைகளிலிருந்தும் தோன்றுவாராக.