பெங்களூர்க் குளிருக்கு ஒரு மேலங்கி



மார்கழி பிறந்து, கப்பன் பூங்காவில் அதிகாலையில் உலாவ வருகிற முதியோர்களின் தலைகளில் குரங்குக் குல்லாய்கள் ஏறிவிட்ட இந்நாட்களில், கமர்ஷியல் தெருவின் கடைகளிலும், குளிர்காலந்தோறும் கம்பளி உடைகளோடு வந்து கடை விரிக்கும் திபெத்திய வியாபாரிகளிடத்திலும், மெத்தையைப் போல் உப்பிய மேலங்கிகள் வரிசையாகத் தொங்குகின்றன. எதை வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களிடம், உப்பியிருப்பதெல்லாம் வாத்துத் தூவி வைத்ததல்ல, பாலியெஸ்டர் பஞ்சு அடைத்தவையும் ஏராளம் என்பதைத்தான் நான் முதலில் சொல்வது வழக்கம்.

தூவி என்பது நீர்ப்பறவைகளின் மேலிறகுகளுக்கு அடியில், உடலை ஒட்டி வளரும் மிருதுவான இறகு. நமக்கு அது புதிய வஸ்து அல்ல. கூதிர்காலத்தை வருணிக்கும் நெடுநல்வாடையிலே, கோவலர்கள் நெருப்பில் கை காய்ச்சி நடுங்கிக்கொண்டிருக்க, அரண்மனையில் அரசியின் கட்டிலின்மீது அன்னத் தூவி பரப்பப்பட்டிருக்கிறது. ராஜபோகமாயிருந்த அப்பொருளை மலையேற்றத்துக்கு அங்கியாக அணிந்து சென்றவர் ஜார்ஜ் ஃபின்ச் என்னும் ரசாயன அறிஞர். 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில், கம்பளிக் கோட்டு அணிந்த சகாக்கள் பரிகசித்ததைப் பொருட்படுத்தாமல், பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் தூவியை வைத்துத் தைத்த கோட்டோடு, ஜெஃப்ரி புரூஸ் என்பவருடன், அதுவரை எவரும் எட்டாத சுமார் 27,300 அடி உயரத்தை அவர் எட்டினார். பிற்காலத்தில், 1952 முதல் 1957 வரை, புனேயிலுள்ள தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தின் தலைவராக விளங்கியவரும் இவரேதான்.

தூவி தானாக உஷ்ணத்தை உற்பத்தி செய்வதில்லை. தன் இழைகளுக்கிடையே காற்றை அசையாமல் நிறுத்தி, தேகத்தின் உஷ்ணம் வெளியேறாதபடி காக்கிறது. ஆகையால் ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதே அதன் தரத்திற்கு அளவுகோல். 550 என்றும் 800 என்றும் சீட்டில் அச்சிட்டிருப்பது அதுவே. எண் பெரிதானால் கதகதப்பும் பெரிது என்று நினைப்பது சரியன்று. அதே கதகதப்பு குறைந்த எடையில் கிடைக்கும் என்பதே அதன் தாத்பரியம்.

எடையைப் பற்றி மலையேறுபவர் கவலைப்படட்டும். சுமார் 3,000 அடி உயரத்திலுள்ள இவ்வூரில் இதுவரை பதிவானவற்றுள் மிகக் குறைந்த வெப்பநிலை, 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி பதிவான 7.8 பாகை; சாதாரண மார்கழி இரவோ 15 பாகையை ஒட்டியே நிற்கிறது. இந்தக் குளிரில் வேகமாக நடப்பவருக்குக் கனத்த தூவி அங்கி வியர்வையைத்தான் தரும். போதாக்குறைக்கு, வங்கக் கடலில் புயற்சின்னம் உருவானால் இங்கே நாள் முழுதும் தூறல். நனைந்த தூவியோ கட்டிதட்டிப் போய்க் கதகதப்பை இழந்துவிடும். ஆகவே விடியற்காலையில் ஸ்கூட்டரில் வேலைக்குச் செல்பவர்களுக்கு, காற்றுப் புகாத மேல்துணியுள்ள மெல்லிய பாலியெஸ்டர் அங்கியே உத்தமம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். திண்ணையில் அசையாமல் உட்கார்ந்து பத்திரிகை படிக்கும் பெரியவர்களுக்கு, சள்ளக்கெரெ பக்கத்துக் குறுபர்கள் ஆட்டு ரோமத்தில் நெய்யும் கம்பளி இருக்க வேறென்ன வேண்டும்? சற்றுச் சொரசொரக்கும், அவ்வளவுதான்.

லடாக்குக்கோ, பனி பெய்யும் அயல்நாட்டுக்கோ போகிறவர்கள் தூவி அங்கியைத் தாராளமாக வாங்கலாம். கடையில் ஓரிடத்தை உள்ளங்கையால் அழுத்திவிட்டுப் பாருங்கள். நல்ல தூவி தயங்காமல் எழும்பி நிற்கும். விரல்களுக்கிடையே குச்சிகுச்சியாக நெருடினால் அதில் தூவியைவிட இறகே மிகுதி. தையல் துளை வழியாக ஓர் இறகு எட்டிப் பார்த்தால் அதை வெளியே இழுக்காதீர்கள். துளை பெரிதாகி, பின்னாலே மற்றவையும் புறப்பட்டுவிடும். மறுபுறத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொள்வதே முறை. ஊர் திரும்பியதும் அதைச் சிறு பைக்குள் திணித்து வைக்காமல், நன்றாக உலர்த்தி, அலமாரியில் தளரத் தொங்கவிடுங்கள். ஆடி மாத ஈரக்காற்றில் பூசணம் பிடிக்காதபடி இடையிடையே வெளியில் எடுத்துக் காற்றாட விடவும் மறவாதீர்கள்.