கல்வி உதவிக்கு வயது வரம்பு ஏன்?

(மீலாது விழாக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் சிறப்பைப் பற்றி இம்மேடையில் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. நாமும் பலமுறை பேசியிருக்கிறோம். இவ்வாண்டு அதன் சிறப்பைப் பேசாமல், அதன் வழியில் நாமே போட்டுவைத்த ஒரு தடைக்கட்டையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நமது ஜமாஅத்தின் கல்வி உதவித் திட்ட விதிகளில் நான்காவது விதி, 'விண்ணப்பிப்பவர் 21 வயதிற்கு உட்பட்டவராக இருத்தல் வேண்டும்' என்று கூறுகிறது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் வேறு எவருமல்லர், நாமேதான். ஆகவே இதில் குறை காண்பதென்றால் முதலில் நம்மிடமே காண வேண்டும்.

நமது மஹல்லாவில் ஒரு சகோதரி இருக்கிறார். வயது 31. அவருடைய அனுமதியையும் அவர் தந்தையாரின் அனுமதியையும் பெற்றே இதனைச் சொல்கிறோம், பெயர் வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில், தமிழ் வழியில், அறிவியல் பிரிவில் படித்தவர். பள்ளிப்படிப்பு முடிந்த ஆண்டே நிக்காஹ் நடந்தது. கணவர் வஃபாத்தானபோது கையில் நான்கு வயதுப் பெண் குழந்தை. கடந்த ஐந்தாண்டுகளாக மணப்பாறையில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை செய்கிறார். காலையில் பேருந்தில் போய் இரவில் திரும்புகிறார். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கம் செய்வது, அச்செடுக்கும் பசையைக் குழைப்பது, மருத்துவர் பல்லைக் குடையும்போது உறிஞ்சுகுழாயைப் பிடித்திருப்பது ஆகியவை அவருடைய அன்றாடப் பணிகள். ஐந்தாண்டுகள் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு, இதனை நாமே படித்தால் என்ன என்னும் எண்ணம் பிறந்திருக்கிறது.

அவருடைய தந்தையார் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தபோது நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "இருக்கிற வேலையை ஒழுங்காகப் பார்க்கச் சொல்லுங்கள், பாய். பிள்ளையைப் படிக்க வைக்கிற வயதில் தாமே படிப்பதா?" என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது. நாம் எட்டாம் வகுப்பு முடித்த கோடையில் மத்ரஸாவில் சேர்க்கப்பட்டோம். ஏழாண்டுகள் ஓதி ஸனது பெற்று இமாமத் பணிக்கு வந்துவிட்டோம். அரசாங்கத்தின் கண்ணுக்கு நாம் எட்டாம் வகுப்புப் படித்தவர்தாம். ஆகவே 36ஆம் வயதில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் போனோம். தேர்வு மையத்தின் வாயிலில் நின்ற காவலர், "பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே இருங்கள், ஹஜ்ரத்" என்றார். நாம் சட்டைப்பையிலிருந்து நுழைவுச் சீட்டை எடுத்துக் காட்டினோம். அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை. முதல் தடவை கணக்கில் 29 மதிப்பெண், தவறிவிட்டோம். துணைத்தேர்வில்தான் கரையேறினோம். அப்படிப்பட்ட நாமே இன்னொருவரைப் பார்த்து வயதைச் சொல்லித் தடுத்தோமே என்பதுதான் அன்றிரவு நம்மை உறங்கவிடாத வேதனை.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் தந்தையார் வீட்டிற்குச் சென்று, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அதன் பிறகு இந்த விஷயத்தை விசாரித்து அறியத் தொடங்கினோம். விசாரித்ததில் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் சட்டம். மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிற்கும் நீட் தேர்வு ஒன்றே. பொதுப்பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று அதற்கு ஓர் உச்ச வயது முன்பு வைக்கப்பட்டிருந்தது. வழக்குகள் நடந்தன. உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் வயது கடந்தவர்களும் எழுதி வந்தனர். 2022ஆம் ஆண்டு அந்த வரம்பே நீக்கப்பட்டுவிட்டது. இப்போது 17 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதே விதி. மேல் வரம்பு கிடையாது. நாடு முழுமைக்குமான தேர்வு நீக்கிவிட்ட வரம்பை வையம்பட்டி ஜமாஅத் வைத்துக்கொண்டிருக்கிறது!

அடுத்து, வழி திறந்திருப்பதற்குச் சாட்சிகள். ஒடிசாவைச் சேர்ந்த ஜெய் கிஷோர் பிரதான் என்பவர் ஸ்டேட் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2020ஆம் ஆண்டு நீட் எழுதி, 64ஆம் வயதில் புர்லா அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார். நம் தமிழ்நாட்டிலேயே, தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த 49 வயது இயன்முறை மருத்துவப் பெண்மணி ஒருவர், தம் மகள் நீட் தேர்வுக்குப் படித்த புத்தகங்களையே தாமும் படித்து, 2025ஆம் ஆண்டு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். தாயும் மகளும் ஒரே ஆண்டில் தேர்வு எழுதினர்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தருமபுரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவப்பிரகாசம் என்பவர் 61 வயதில் நீட் தேறி, அரசுப் பள்ளியில் படித்தோருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2022 ஜனவரியில் கலந்தாய்வுக்கு வந்தார். இடம் கிடைக்கும் நிலையிலிருந்தும், அது ஓர் இளம் மாணவருக்குப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டார். அவருடைய மகனே அப்படி எடுத்துச் சொன்னதாகச் செய்தி வந்தது. நமது நிர்வாகிகளில் ஒருவர் இதனையே எடுத்துக்காட்டி, "பார்த்தீர்களா ஹஜ்ரத், வயதானவர்கள் இடத்தை அடைக்கக் கூடாது" என்றார். அந்த ஆசிரியரின் பெருந்தன்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் 61ம் 31ம் ஒன்றல்ல. பல் மருத்துவப் பட்டம் நான்காண்டுப் படிப்பு, பிறகு ஓராண்டு கட்டாயப் பயிற்சி. அடுத்த ஆண்டு சேர்ந்தாலும் இச்சகோதரி 37 வயதில் மருத்துவராவார். கை நடுங்காத வரையில் செய்யக்கூடிய தொழில் அது. அல்லாஹ் நாடினால் கால் நூற்றாண்டு வேலை செய்யலாம். மேலும், அதே நிகழ்ச்சி நமக்கு வேறொன்றையும் காட்டித் தருகிறது. அந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டிற்கு வயது தடையில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும்; பல் மருத்துவத்திற்கும் அது உண்டு; கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2007 முதல் நடைமுறையிலிருக்கும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு தனி. 2023 நவம்பரில் புதுக்கோட்டையிலும் 50 இடங்களுடன் ஓர் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. நினைத்த கல்லூரியே கிடைக்கும் என்பதற்கில்லை. ஆயினும் பல் மருத்துவம் படிக்கச் சென்னைதான் போக வேண்டும் என்றிருந்த காலம் போய்விட்டது.

நம்மவர்க்கு இத்துறை அந்நியமானதன்று. கொர்டோவாவின் அஸ்ஸஹ்ராவி அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பற்காறை சுரண்டும் கருவிகளை ஒவ்வொன்றாகப் படம் வரைந்து விளக்கியிருக்கிறார்கள். ஆடும் பல்லைப் பொற்கம்பியால் பக்கத்துப் பற்களோடு பிணைக்கும் முறையையும் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத் அவர்கள். கிழக்கு வங்காளத்துக் கிராமத்தில் பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்று, 1919இல் தாயகம் திரும்பியவர். கல்லூரிக்குப் பணம் வேண்டி ஒரு குளிர்பானக் கடையே நடத்தினார்கள்! 1949இல் அக்கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கே கொடுத்துவிட்டார்கள். 1964இல் பத்மபூஷண் விருது பெற்றார்கள். அவர்களுடைய கல்லூரியில் ஆரம்ப காலத்தில் படித்த பெண்களில் ஒருவர் ஃபாத்திமா ஜின்னா. பிற்காலத்து அரசியல் நமது பேச்சன்று. பள்ளிக் கல்வி முடிந்து பல ஆண்டுகள் வீட்டிலிருந்து, 25 வயது கடந்த பின்னரே கல்கத்தாவுக்குச் சென்று பல் மருத்துவம் படித்து, 1923இல் பம்பாயில் மருத்துவமனை திறந்தார் என்பது மட்டுமே நமக்குத் தேவையான செய்தி. நூறாண்டுகளுக்கு முன்பு முடிந்தது இன்று ஏன் முடியாது?

மார்க்கக் கல்வியிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 417இல் வஃபாத்தான இமாம் கஃப்பால் அல்மர்வஸீ அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளி. கஃப்பால் என்றாலே பூட்டுச் செய்பவர் என்றுதான் பொருள். தானிய மணிகள் சிலவற்றின் எடையில் பூட்டும் சாவியும் செய்த கைகள் அவை. முப்பது வயதில்தான் ஃபிக்ஹு படிக்க உட்கார்ந்தார்கள். நாம் ஹனஃபி மத்ஹபினர். அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவர். ஆயினும் மத்ரஸாவில் இந்த வரலாற்றைக் கேட்டபோது நமக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. இத்தனையும் தெரிந்திருந்தும் 21 என்று எழுதினோம் பாருங்கள்!

இனி எச்சரிக்கை. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நீட் எழுதக் கிளம்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டம் பெற்றும் தகுந்த வேலையின்றிக் குறைந்த சம்பளத்திற்கு உழைக்கும் இளைஞர்கள் நகரங்களில் ஏராளம். தனியார் கல்லூரியில் பெருந்தொகை கொட்டிச் சேரும் முப்பது வயதுக்காரருக்கு அது கரை சேரும் படகா என்பது சந்தேகமே. குடும்பப் பொறுப்புள்ளவர்களுக்கு இன்னொரு வழியையும் சொல்வோம். பல் மருத்துவச் சட்டம் மருத்துவர்களை மட்டுமின்றி, பல் தூய்மைப் பணியாளர், செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பர் ஆகியோரையும் பதிவு செய்கிறது. இவை இரண்டாண்டுப் பட்டயப் படிப்புகள். நகை வேலையிலும் கடிகார வேலையிலும் கை பழகிய நம் சகோதரர்கள் இரண்டாவதைப் பற்றி விசாரித்துப் பார்க்கலாம்.

ஆனால் கிராமத்து நிலை வேறு. நமது பாட்டிமார்கள் பலர் புகையிலை அடக்கும் பழக்கம் உள்ளவர்கள். வாயில் ஆறாத புண் வந்தாலும், ஆண் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்ட வெட்கப்பட்டு, கிராம்புத் தைலம் தடவியே மாதங்களைக் கடத்துகிறார்கள். பிறகு திருச்சிக்குத் தூக்கிச் செல்லும்போது புண் புற்றாகியிருக்கிறது. இப்படி நாம் ஜனாஸா தொழவைத்தவர்களும் உண்டு. நமது மஹல்லாவிலேயே ஒரு பெண் பல் மருத்துவர் இருந்தால் அந்த மூதாட்டிகள் முதல் வாரத்திலேயே போய்க் காட்டியிருப்பார்கள் அல்லவா?

அச்சகோதரி சென்ற மே மாதம் முதன்முறையாக நீட் எழுதினார். தகுதி மதிப்பெண் வந்தது, இடம் கிட்டவில்லை. அவர் படித்த காலத்துப் பாடநூல்கள் 2018, 2019இல் மாறிவிட்டதால், அண்ணன் மகளின் புத்தகங்களை வாங்கிப் படித்தார். பகலெல்லாம் மருத்துவமனையில் நின்றுவிட்டு இரவில் படித்து எழுதிய தேர்வு அது. ஓராண்டு வேலையை விட்டுப் பயிற்சி பெற்றால் நம்பிக்கை உண்டு என்கிறார். கிடைத்தே தீரும் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் சொல்ல மாட்டோம். அந்த ஓராண்டு வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பயிற்சி மையத்திற்குப் பணம் கட்ட வேண்டும்.

கடன் வாங்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். வட்டி இருக்கிறது என்று தந்தையார் மறுக்கிறார். அவர் மறுப்பது சரியே. வட்டி ஹராம் என்று மிம்பரில் நின்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். ஒரு வாயிலை மூடச் சொன்னவர்களுக்கு இன்னொரு வாயிலைத் திறந்து வைக்கும் கடமை உண்டா, இல்லையா? நமது பைத்துல்மாலில் திருமணத்திற்குக் கர்ழ் ஹஸனா கொடுக்கிறோம்; கடை வைக்கக் கொடுக்கிறோம்; வெளிநாடு செல்ல விசாவுக்குக் கூடக் கொடுத்திருக்கிறோம். அங்கெல்லாம் வயது கேட்கவில்லை. படிப்புக்கு மட்டும் கேட்கிறோம்.

ஆகவே வரும் பொதுக்குழுவில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவர நிர்வாகத்தினர் இசைந்துள்ளனர். திரும்பச் செலுத்த வேண்டாத உதவித்தொகை இப்போதுபோல் இளம் மாணவர்களுக்கே முதலில் போகும். அதில் கை வைக்கவில்லை. நான்காவது விதியிலிருந்து வயது வாசகம் நீங்கும். 21 வயதைக் கடந்து படிப்புக்குத் திரும்புவோருக்குப் பைத்துல்மாலிலிருந்து ஓராண்டுச் செலவுக்குக் கர்ழ் ஹஸனா வழங்கப்படும். படிப்பு முடிந்து வருமானம் வந்தபின் தவணையாகத் திருப்பித் தரலாம். இடம் கிடைக்காமற்போனால் பழைய வேலையிலிருந்து சிறுகச் சிறுகக் கட்டலாம். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். இச்சகோதரிக்கு ஒரு ஜாமீன்தாரராக நாம் கையெழுத்திடுகிறோம். இன்னொரு கையெழுத்து இன்னும் காலியாக இருக்கிறது.

கருத்து வேறுபாடு உள்ளவர்கள் தெருமுனையில் பேசாமல் பொதுக்குழுவிற்கே வந்து பேசும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். படிவங்கள் பள்ளிவாசல் அலுவலகத்தில் அஸருக்குப் பின் கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உயிரியலைத் தாமே படித்துக்கொள்வதாகவும், இயற்பியலில்தான், குறிப்பாக ஒளியியலிலும் மின்னியலிலும், தடுமாறுவதாகவும் அச்சகோதரி சொல்லியனுப்பினார். நமது ஜமாஅத்தில் இயற்பியல் படித்த சகோதரிகளோ, ஓய்வுபெற்ற ஆசிரியர்களோ இருந்தால், வாரம் இரண்டு நாள் மஃரிபுக்குப் பின் அவர் தந்தையார் வீட்டில், தந்தையார் உடனிருக்கச் சொல்லிக்கொடுக்க முன்வாருங்கள். இன்று இஷா தொழுகைக்குப் பின் நாம் பள்ளிவாசல் முற்றத்தில்தான் இருப்போம்; நம்மிடம் பெயர் கொடுக்கலாம்.

வஸ்ஸலாம்.