மூடிய கதவும் தட்டும் ஓசையும்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. இப்பழமொழியின் உண்மையைப் பல்லாயிரம் மக்களைப் படமாளிகையின் இருளில் அமர்த்தி மெய்ப்பித்துக் காட்டிய திரைப்படம் ஒன்று உண்டு. 1963ஆம் ஆண்டிலே வெளிவந்த 'த ஹோன்டிங்' என்னும் ஆங்கிலப் படமே அது. பேய் உலாவும் வீடுகளைப் பற்றிய படங்கள் அதற்கு முன்னரும் பல வந்தன. பின்னரும் எண்ணிறந்தன வந்துள்ளன. ஆயினும், அத்துறையில் ஆர்வமுடையோர் கூடி உரையாடும்போது, தம் இளமையில் உறக்கத்தைக் கெடுத்த படம் எதுவென்னும் கேள்வி எழுந்தால், இந்தப் படத்தின் பெயர் அடிக்கடி எழுவதைக் காணலாம்.

அவர்களுடைய நினைவுகளைக் கேட்பது சுவையானது. ஒருவர், நள்ளிரவிலே நடைகூடத்தின் கோடியிலிருந்து அறை அறையாகத் தட்டிக்கொண்டு வரும் அந்தப் பேரொலியைச் சொல்வார். மற்றொருவர், திண்ணிய மரக்கதவு மூச்சுவிடும் மார்பைப் போல உள்நோக்கிப் புடைத்து மீண்ட காட்சியைச் சொல்வார். இன்னுமொருவர் சுவரிலுள்ள பூவேலைப்பாடு மெல்ல மெல்ல ஒரு முகமாகத் தோன்றியதை நினைவுகூர்வார். பெரும்பாலோர் அந்தக் கையைப் பற்றிக் கூறாமல் விடார். இருட்டறையிலே அச்சத்தால் நடுங்கும் பெண் ஒருத்தி, தன் தோழியின் கையை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறாள். விளக்கு எரிகின்றது. தோழியோ அறையின் மறுபுறத்திலே தன் கட்டிலில் இருக்கிறாள். அவ்வளவு நேரமும் பற்றியிருந்த கை யாருடையது?

இவ்வாறு ஒவ்வொருவரும் தத்தம் நினைவைச் சொல்லி முடித்தபின், எவரேனும் ஒருவர் இறுதியில் ஒரு கேள்வியைக் கேட்பார்: "அது சரி, பேயைக் கண்டது யார்?" எல்லாரும் சற்று மௌனமாவர். ஏனெனில், அப்படத்திலே பேயே காட்டப்படவில்லை. உருவமில்லை, வெள்ளையாடை இல்லை, இரத்தமில்லை. ஓர் ஓசை, ஒரு கதவு, ஒரு சுவர், இவ்வளவே உண்டு. எஞ்சியவை அனைத்தும் பார்த்தவர்கள் தாமே கொண்டுவந்தவை.

இப்படத்தின் மூலக்கதை, அமெரிக்க எழுத்தாளர் ஷேர்லி ஜாக்சன் அம்மையார் 1959இல் வெளியிட்ட 'ஹில் ஹவுஸ்' மனையைப் பற்றிய நாவலாகும். அதனைப் படமாக்கியவர் றொபேட் வைஸ். ஓர்சன் வெல்ஸின் 'சிற்றிசன் கேன்' என்னும் புகழ்பெற்ற படத்தைத் தொகுத்தவர் இவரே. 1940களிலே வால் லூட்டன் என்னும் தயாரிப்பாளரிடம் பணியாற்றி, நெறியாளராக உயர்ந்தார். குறைந்த பணத்தில் திகிற் படங்களை எடுத்த லூட்டன், காட்டுவதைவிடக் காட்டாமல் விடுவதே அஞ்சத்தக்கது என்னும் கொள்கையுடையவர். மாணவர் அக்கொள்கையை மறக்கவில்லை. 1961இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 1965இல் 'த சவுண்ட் ஒப் மியூசிக்' என்னும் இரு பெரும் இசைப்படங்களை ஆக்கிய அதே மனிதர், அவ்விரண்டுக்கும் இடையே இந்தச் சிறிய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார் என்பது வியப்புக்குரியது.

கதை அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நிகழ்வது. படப்பிடிப்போ இங்கிலாந்தில் நடைபெற்றது. அமெரிக்க நிலையத்தார் கொடுக்க முன்வந்ததைவிடச் சற்று அதிகமான தொகை, ஏறக்குறைய 10 இலட்சம் டொலருக்கு மேல், எம்.ஜி.எம். நிறுவனத்தின் இங்கிலாந்துக் கிளையிடம் கிடைத்ததே காரணம். ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள எட்டிங்டன் பார்க் என்னும் பழைய மாளிகை, வெளிப்புறக் காட்சிகளுக்கு உதவியது. அம்மாளிகை பின்னர் பயணிகள் தங்கும் விடுதியாகிவிட்டது. உட்புற அறைகள் யாவும் போரம்வுட் படப்பிடிப்பு நிலையத்திலே அமைக்கப்பட்டன.

ஹியூ கிரெயின் என்பவன் கட்டிய மனை அது. அவனுடைய முதல் மனைவி, மனையைக் காணுமுன்னரே, வாயிற்பாதையில் வண்டி மரத்தில் மோதி மாண்டாள். இரண்டாம் மனைவி படிக்கட்டிலே வீழ்ந்து இறந்தாள். அபிகேல் என்னும் மகள் அவ்வீட்டிலேயே வளர்ந்து, மூத்து, நோயுற்றுக் கிடந்தாள். ஓரிரவில் அவள் உதவி வேண்டிக் கைத்தடியாற் சுவரைத் தட்டினாள். பணிப்பெண் வரவில்லை. கிழவி இறந்தாள். சொத்தைப் பெற்ற அப்பணிப்பெண் பின்னர் நூலக அறையின் சுழற்படிக்கட்டிலே தூக்கிட்டு உயிர்நீத்தாள். இத்தகைய மனையை ஆராய மார்க்வே என்னும் அறிஞர் வருகின்றார். அவருடன் மனையின் வருங்கால உரிமையாளனான லூக், பிறர் மனத்தை அறியும் ஆற்றலுடைய தியடோரா, எலினோர் என்னும் தனித்த பெண் ஆகிய மூவரும் தங்குகின்றனர்.

இனி, நினைவில் நின்ற அக்காட்சிகள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதைப் பார்ப்போம். புடைத்த கதவைப் பற்றி அன்பர்கள் பலவாறு ஊகித்ததுண்டு. உண்மை மிக எளியது. மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த கதவு அது. அதன் பின்னே வலிமைமிக்க பணியாளர் ஒருவர் நின்று, மரக்கட்டையினால் அழுத்தினார். மனையின் வெளித்தோற்றத்தை அச்சந்தருவதாக்க, செங்கீழ்க் கதிர்களை உணரும் படச்சுருள் பயன்பட்டது. அதனால் வானம் கருமையாகவும், கல்லின் கோடுகள் துலக்கமாகவும் தோன்றின. நடைகூடங்கள் வளைந்து நெளிவதுபோலக் காண்பதற்குக் காரணம் ஒரு குறைபாடுள்ள வில்லையாகும். பரந்த காட்சியைப் பதியவல்ல 30 மில்லிமீற்றர் வில்லை ஒன்று பனாவிஷன் நிறுவனத்தாரிடம் அப்போது இருந்தது. அது இன்னும் செம்மைப்படவில்லை, உருவங்களைத் திரித்துக் காட்டும் என்று அவர்கள் கொடுக்கத் தயங்கினர். வைஸ் அவர்களோ அத்திரிபையே விரும்பினார். குறையை அறிந்தே பெறுவதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்து அதனை வாங்கினார். குறையையும் கருவியாக்குபவன் அன்றோ கலைஞன்!

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. பேய்வீடு என்றவுடன் சிலந்திவலையும் இருண்ட மூலைகளுமே நினைவுக்கு வரும். எலியட் ஸ்கொட் அமைத்த இந்த அறைகளோ வெளிச்சம் நிறைந்தவை. அலங்காரப் பொருள்கள் செறிந்தவை. மேற்கூரையும் சேர்த்து மூடப்பட்டவை. ஒளிந்துகொள்ள இருட்டு இல்லை. ஆயினும் மூச்சு முட்டுகிறது. நூலகத்தின் சுழற்படிக்கட்டிலே, கைப்பிடிக் கம்பியையே தண்டவாளமாகக் கொண்டு சிறிய கமரா ஒன்றை ஓடவிட்டனர். அப்படியின் உச்சியிலே திடீரெனத் தோன்றும் மார்க்வேயின் மனைவியின் முகத்தைக் கண்டு ஆசனத்திலிருந்து துள்ளியவர் பலர். அவ்வேடத்தை ஏற்ற லொயிஸ் மக்ஸ்வெல் அம்மையாரே ஜேம்ஸ் பொண்ட் படங்களில் இனிய செயலாளராக வந்தவர் என்பதை அறிந்து பின்னர் நகைத்தவரும் பலர்.

எல்லாவற்றிலும் மேலானது ஓசை. இடியும் தட்டலும் முணுமுணுப்பும் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்யப்பட்டு, நடிக்கும் வேளையிலே நடிகரின் காதில் விழும்படி ஒலிக்கவிடப்பட்டன. அவர்கள் முகத்திற் காணும் திடுக்கீடு வெறும் பாவனை அன்று. கண் எல்லையுடையது, கண்டதை மட்டுமே காணும். காதுக்கு அவ்வெல்லை இல்லை. வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் அன்பர்களிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நிகழ்கின்றது. கதவைத் திறக்க வேண்டுமா, வேண்டாமா? திகிற் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஸ்டீபன் கிங், 1981இல் வெளியிட்ட 'டான்ஸ் மக்காபர்' என்னும் கட்டுரை நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். கதவுக்குப் பின்னால் நிற்பது எதுவாயினும், கதவைத் திறந்து காட்டியவுடன், இவ்வளவுதானா என்னும் ஆறுதல் பிறந்துவிடும் என்பதை அவர் ஏற்றுக்கொள்கின்றார். ஆயினும், எழுத்தாளன் தோல்வியைப் பொருட்படுத்தாது ஒருமுறையேனும் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பதே அவர் கட்சி. வைஸ் அவர்களின் கட்சி நேர்மாறானது; அவர் கதவைத் திறக்கவேயில்லை. 1999இல் இக்கதையை மீண்டும் படமாக்கிய யான் டி பொன்ட், கணினியின் துணைகொண்டு கதவுகளையெல்லாம் திறந்துவிட்டார்; சிலைகள் அசைந்தன, சுவர்கள் உயிர்பெற்றன. திறனாய்வாளர் பலர் அதனை மெச்சவில்லை. நெறியாளர் மார்ட்டின் ஸ்கோர்செசி 2009இல் தமக்கு அச்சமூட்டிய படங்களை வரிசைப்படுத்தியபோது, முதலிடத்தை 1963ஆம் ஆண்டுப் படத்துக்கே அளித்தார்.

எனினும், அச்சமூட்டுவது ஒன்றே இப்படத்தின் பெருமையாயின், அது ஒருமுறை பார்த்து மறக்கத்தக்கதாகவே இருந்திருக்கும். இளமையிற் பார்த்தவர்கள் முதுமையில் மீண்டும் பார்க்கும்போது வேறொரு படத்தைக் காண்கின்றனர். இளையோர் கதவைப் பார்க்கின்றனர். முதியோர் எலினோரைப் பார்க்கின்றனர்.

எலினோர் யார்? நோயுற்ற தாயை 11 ஆண்டுகள் பேணியவள். தாய் மறைந்தபின் தமக்கையின் வீட்டிலே, கூடத்து நீளாசனத்திற் படுத்துறங்குபவள். தனக்குப் பாதி உரிமையுள்ள காரை, தமக்கையின் சம்மதமின்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டவள். தன்னை யாரோ அழைத்திருக்கிறார்கள், எங்கோ எதிர்பார்த்திருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் பெருமகிழ்ச்சி. அந்த அழைப்பு ஒரு பேய்வீட்டிலிருந்து வந்தது என்பதுதான் அவலம்.

முதல் இரவிலே சுவரில் அடிக்கும் ஓசை கேட்டு அரைத்தூக்கத்தில் விழிக்கும் எலினோர், தாயார் அழைப்பதாக எண்ணி, இதோ வருகிறேன் என்று பதிலிறுக்கின்றாள். பின்னரே அவள் உள்ளத்தை அரிக்கும் இரகசியம் வெளிப்படுகின்றது. தாய் இறந்த இரவிலும் சுவரிலே தட்டும் ஓசை எழுந்தது; எலினோர் எழுந்து செல்லவில்லை. அபிகேல் கிழவியின் தட்டலும், எலினோரின் தாயின் தட்டலும், நள்ளிரவில் நடைகூடத்தில் வரும் தட்டலும் ஒன்றே போல ஒலிக்கின்றன. வந்து தட்டியது பேயா, குற்றவுணர்வா? படம் விடை சொல்லவில்லை. ஆனால், நோயாளியின் அருகே ஆண்டுக்கணக்காக இரவுகளைக் கழித்தவர்களுக்கு அந்த ஓசையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் ஓடோடிச் சென்றவருக்கும், அயர்ச்சியால் எழாதிருந்த அந்த ஒரு முறையே மனத்தில் நிலைத்துவிடுகின்றது.

திரைக்கதை எழுதிய நெல்சன் கிடிங், நாவல் முழுவதுமே மனமுடைந்த ஒரு பெண்ணின் உள்ளத்துள் நிகழ்வது எனக் கருதினார். அவரும் வைஸ் அவர்களும் ஷேர்லி ஜாக்சன் அம்மையாரை நேரிற் கண்டு இதனைக் கேட்டனர். நல்ல கருத்துத்தான், ஆயினும் தாம் எழுதியது உண்மையிலேயே இயற்கைக்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சிகளைப் பற்றியே என்று அம்மையார் விடையளித்தார். படத்துக்குரிய சுருங்கிய பெயரும் அச்சந்திப்பிலே அவரிடமிருந்தே கிடைத்தது. படம் வெளிவந்து இரண்டாண்டுகளில், 1965இல், அவர் காலமானார்.

எலினோராக நடித்த ஜூலி ஹரிஸ், படப்பிடிப்புக் காலத்தில் உண்மையாகவே மனச்சோர்வுற்றிருந்தார். உடன் நடித்தவர்களோடு அதிகம் பழகாமல் ஒதுங்கியே இருந்தார். தியடோராவாக நடித்த கிளேர் புளூம், தம்மால் ஏதும் தவறு நேர்ந்ததோ என்று வருந்தினார். படம் முடிந்தபின் ஜூலி ஹரிஸ் காரணத்தை எடுத்துரைக்கவே, இருவரும் நண்பராயினர். திரையிலே தனிமையை நடித்துக் காட்டியவர், திரைக்கு வெளியேயும் அதனைச் சுமந்திருந்தார் என்பதை அறிந்தபின், அப்படத்தை முன்போலப் பார்த்தல் எவருக்கும் இயலாது.

படத்தின் தொடக்கத்தில் மனையைப் பற்றிய வருணனை மார்க்வேயின் குரலில் வருகின்றது. இறுதியில், முதல் மனைவி மாண்ட அதே மரத்தில் எலினோரின் கார் மோதியபின், அதே பொருளிலான சொற்கள் அவளுடைய குரலிலே மீண்டும் ஒலிக்கின்றன. இப்போது அவளும் அங்கு உலாவுவோருள் ஒருத்தி. வீடற்றவளுக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது.

றொபேட் வைஸ் 2005இலும், ஜூலி ஹரிஸ் 2013இலும் மறைந்தனர். கதவை அழுத்திய பணியாளரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. ஆயினும் அன்பர்கள் கூடும் இடங்களில் அந்தக் கதவு இன்னும் புடைக்கின்றது. அந்த ஓசை இன்னும் வருகின்றது. ஒருவர் தம் சிறுவயது அச்சத்தைச் சொல்லத் தொடங்கி, இறந்துபோன தம் தாயைப் பற்றிச் சொல்லி முடிப்பதும் உண்டு. பேயைத் தேடி அவ்வீட்டினுள் நுழைந்தவர்கள், ஒரு மனிதப் பிறவியைக் கண்டு திரும்புகின்றனர். அடுத்த அறையிலிருந்து தட்டும் ஓசை கேட்கும்போது, அது பேயன்று, அழைக்கும் ஒரு முதியவரே என்று எழுந்து செல்ல ஒருவருக்கேனும் அப்படம் கற்பிக்குமாயின், அச்சத்தால் விளைந்த பயன்களுள் அது சிறந்ததாகும்.